கேட்காமல் விட்ட இடம்

பிரதாபன் மான் வேட்டைக்கென்று துவக்கு வாங்கியபோது ஒக்லாந்தின் பாபகூராத் தமிழ்ச் சனம் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வருஷம் பிடித்தது. "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தவன், இஞ்ச வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கிறான், விசரன்" என்று வசந்தமலர் அக்கா கோயில் மடப்பள்ளியில் வைத்தே சொன்னார். அவர் பாபகூராவில் வாய் திறந்தால் மவுண்ட் வெல்லிங்டன் வரைக்கும் கேட்கும்.

அவன் பெண்சாதி நிசாந்தினி சிரிக்கவில்லை. லைசென்ஸ் கொடுக்கும் முன்னர் பொலிஸ் வீட்டுக்கு வந்து பெண்சாதியைத் தனியே இருத்திக் கேள்வி கேட்பது இந்த நாட்டு வழக்கம். வந்த மனிதர் அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தபடி, "உங்கள் கணவர் கையில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குச் சம்மதம்தானா?" என்று கேட்டார். சீருடைக்காரர் ஒருவர் தன்னிடம் சம்மதம் கேட்கிறாரே என்பதிலேயே அவள் பயந்துபோனாள். "ஓம்" என்று சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து "யெஸ்" என்றாள்.

அந்த 'ஓம்' மானுக்காகச் சொன்னதல்ல. பிரதாபன் விரி என்ற இடத்தில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பகல் முழுக்க உறைந்த இறைச்சிப் பெட்டிகளோடு மாரடித்துவிட்டு வந்து, இரவு முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். கூட வேலை செய்யும் பிஜிக்காரன் ராஜ்னீல் ஒரு தடவை அவனைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்த அன்று பிரதாபன் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்து, விடியும்வரை நித்திரை கொண்டான். நிசாந்தினி பக்கத்தில் இருந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நித்திரைக்கு அவள் எதை வேண்டுமானாலும் சம்மதித்திருப்பாள்.

முதல் வருஷம் வெறுங்கை. இரண்டாம் வருஷம் ஒரு பெண்மான் விழுந்தது. இங்கே வேட்டை இறைச்சியை விற்கக்கூடாது, சும்மா கொடுக்கலாம். நிசாந்தினி துண்டு போட்டு, பையில் கட்டி, வீடு வீடாக அனுப்பினாள். சிரித்த சனமெல்லாம் வாங்கியது. வசந்தமலர் அக்கா இரண்டு பை வாங்கி, வத்தலும் போட்டு வைத்தார். இந்த வருஷம் கொம்புள்ள ஆண்மான் ஒன்றை விழுத்தாமல் விடுவதில்லை என்று பிரதாபன் ஒற்றைக்காலில் நின்றான்.

ஏப்ரல் பிறந்தால் இங்கே மான்கள் சோடி தேடும் காலம். கொம்பன்கள் மலைச்சரிவில் நின்று கத்தும். அதே சத்தத்தை மனிதன் போட்டால், போட்டிக்கு ஒருவன் வந்துவிட்டான் என்று கோபத்தோடு கிட்ட வரும். பிரதாபன் பழைய வக்கூம் கிளீனரின் குழாயை வெட்டியெடுத்து, கராஜுக்குள் நின்று ஊதிப் பழகினான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மாட்டுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள்.

ராஜ்னீலின் தாய் பிம்லாவுக்குக் கண் ஒப்பரேஷன் வந்ததால் இந்த முறை அவனால் போக முடியவில்லை. பிரதாபன் தனியாகவே வெளிக்கிட்டான். வெள்ளிக்கிழமை விடியும் நேரத்தில் நிசாந்தினி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசி, "போயிட்டு வாங்கோ" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. வெளிக்கிடுகிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பது யாழ்ப்பாணத்துச் சனத்தின் நம்பிக்கை. மிகவும் அவசரமென்றால் "தூரமோ?" என்று கேட்டு அந்த அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். பலருக்கு அது வெறும் வாய்ப்பழக்கம். நிசாந்தினிக்கு அது உயிர்ப்பயம். முதல் வருஷம் பிரதாபன் போகும் இடத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அவள் பாய்ந்து அவன் வாயைப் பொத்தியிருந்தாள். அதற்குப் பிறகு அவனும் சொல்வதில்லை.

ஞாயிறு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான்.

ஞாயிறு காலையில் தெற்கிலிருந்து மழை ஏறி வந்தது. நிசாந்தினி பெரிய பிரீசரைத் துடைத்து, மீனையும் முருங்கைக்காயையும் ஒரு பக்கம் ஒதுக்கி, இறைச்சிக்கு இடம் பண்ணினாள். பிறகு தூளுக்கு மல்லி வறுத்தாள். மிளகாயைப் போட்டு வறுக்கும்போது மத்தியானம் கடந்துவிட்டிருந்தது. மகள் லக்ஷிகா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு "நொட் ஹங்ரி" என்று மட்டும் உள்ளிருந்து பதில் வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று நிசாந்தினி விட்டுவிட்டாள்.

வசந்தமலர் அக்கா குடையை மடக்கியபடி பின்வாசலால் வந்தார்.

"நிசா, உவர் வந்திட்டாரோ?"

"இல்லை அக்கா. வாற நேரம்தான்."

"போன் எடுத்தவரோ?"

"காட்டுக்குள்ள சிக்னல் இல்லை. றோட்டுக்கு ஏறினாப் பிறகுதான் எடுப்பார். ஏன் அக்கா?"

"சும்மாதான் கேட்டனான்." அக்கா மழைக்கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "நீ நியூஸ் ஒண்டும் பாக்கேல்லையோ?"

"என்ன நியூஸ்?"

"ஒண்டுமில்லை. உனக்குச் சொல்லக்கூடாது எண்டுதான் நினைச்சனான்."

சொல்லக்கூடாது என்று நினைப்பவர் மழையில் குடை பிடித்துக்கொண்டு ஏன் வருகிறார்? நிசாந்தினி அகப்பையை வைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே தன் போனை எடுத்தாள். இரண்டு வரிச் செய்திதான். வட தீவின் நடுப்பகுதியில் ஒரு காட்டில் வேட்டைக்காரர் ஒருவரை இன்னொரு வேட்டைக்காரர் மான் என்று எண்ணிச் சுட்டுவிட்டார். இறந்தவர் ஒக்லாந்தைச் சேர்ந்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர். உறவினருக்கு அறிவிக்கும்வரை பெயர் வெளியிடப்படாது.

பிரதாபனுக்கு நாற்பத்துநான்கு. சட்டியில் மிளகாய் கருகி வீடெல்லாம் நெடி ஏறியது. அக்கா இருமிக்கொண்டே எழும்பிப் போய் அடுப்பை நிறுத்தினார்.

"உறவினருக்கு அறிவிக்கும்வரை எண்டு போட்டிருக்கினம்" என்றாள் நிசாந்தினி. "எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே. அப்ப இவரா இருக்காதுதானே அக்கா?"

"இருக்காது, இருக்காது. முருகன் அப்பிடி விடமாட்டார்."

"இல்லாட்டி இனித்தான் அறிவிக்க வருவினமோ?"

நிசாந்தினி முன்னறைக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கி வீதியைப் பார்த்தாள். ஒரு வெள்ளைக் கார் மெதுவாக வந்தது. பொலிஸ்தான் என்று அவள் திரைச்சீலையை இறுகப் பிடித்தாள். கார் அடுத்த வீட்டுக்குத் திரும்பி, உள்ளிருந்து பீட்சாப் பெட்டியோடு ஒரு பெடியன் இறங்கினான். அதற்குப் பிறகும் அவளால் யன்னலை விட்டு வர முடியவில்லை.

அவள் ராஜ்னீலுக்குப் போன் எடுத்ததும் அவன் ஓடி வந்தான். அவனுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து பிஜிக்குக் கரும்பு வெட்டப் போனவர்கள். வீட்டில் தமிழ் எப்போதோ போய்விட்டது. நிசாந்தினியை அண்ணி முறைக்கு 'பாபி' என்று கூப்பிட்டு, ஆங்கிலத்தில்தான் பேசுவான், இவர்களும் அவனோடு ஆங்கிலம்தான்.

"பாபி, பதற வேண்டாம். எந்த இடத்துக்குப் போகிறேன் என்று சொன்னார்?"

"சொல்லேல்லை."

"எந்தக் காடு என்றாவது?"

"தெரியாது. உங்களுக்குச் சொல்லியிருப்பார் எண்டு நினைச்சன்."

"புது இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். வேட்டைக்காரன் இன்னொரு வேட்டைக்காரனுக்கு நல்ல இடத்தைக் காட்டிக்கொடுக்க மாட்டான், நானும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் சொல்லாமல் ஒருத்தனும் போகமாட்டானே. எங்கே நிறுத்துவேன், எந்தப் பக்கம் ஏறுவேன், எப்போது வருவேன், எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போவோம். நான் மறந்தாலும் ஷைனல் கதவில் நின்று மறிப்பாள்." ஷைனல் அவனுடைய மனைவி. "நீங்கள் கேட்கவில்லையா?"

"எங்கட ஆக்கள் கேக்கிறேல்லை" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள். அந்த மொழியில் அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாக இருந்தது.

"எப்பிடி மனுசனை மான் எண்டு நினைக்கிறது?" வசந்தமலர் அக்கா இடையில் புகுந்தார். "கண் இல்லையோ?"

ராஜ்னீல் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "ஒருவன் குழாயில் கத்துவான். தூரத்தில் நிற்பவன் அது கொம்பன் என்று நினைத்துப் பதிலுக்குக் கத்துவான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மான் என்று எண்ணிக்கொண்டு பற்றைக்குள்ளால் கிட்டக் கிட்ட வருவார்கள். பற்றை அசையும். அவசரக்காரன் சுட்டுவிடுவான்."

இரண்டு வாரமாகக் கராஜுக்குள் நின்று பிரதாபன் அதைத்தானே பழகினான்! நல்லாக் கத்துறியள், கொம்பனே ஏமாந்துபோகும் என்று நிசாந்தினியும் பகிடி பண்ணியிருந்தாள். தன் வாயைத் தானே அடிக்க வேண்டும் போல இருந்தது.

"பொலிஸுக்குப் போன் எடுப்போம்" என்றான் ராஜ்னீல்.

"வேண்டாம்."

"பாபி!"

"கொஞ்சம் பொறுங்கோ. வந்திடுவார். இப்ப வந்திடுவார்."

ஊரில் ஆளைக் காணவில்லை என்று இராணுவ முகாமுக்குப் போய்ப் பெயர் கொடுத்த வீடுகளுக்கு என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். பெயரைக் கொடுத்தால் வீட்டில் மிச்சம் இருப்பவரையும் தேடி வருவார்கள். இது அந்த ஊர் இல்லை, இவர்கள் அந்தப் பொலிஸ் இல்லை என்று அறிவு சொன்னது. கை கேட்கவில்லை. ராஜ்னீல் தானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மேசையில் வைத்தான்.

எடுத்தவள் ஒரு பெண். நிதானமான குரல். பெயர், வயது, வண்டி இலக்கம், என்ன நிறச் சட்டை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நிசாந்தினி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். செம்மஞ்சள் தொப்பி, பச்சைக் கோட்டு, நீலப் பிக்கப்.

"எங்கே போனார்?"

நிசாந்தினி ராஜ்னீலைப் பார்த்தாள்.

"மேடம், உங்கள் கணவர் எந்த இடத்துக்குப் போனார்?"

"எனக்குத் தெரியாது."

"அவருடைய வேட்டை அனுமதியில் நிறையக் காடுகள் அடங்கும். ஓரளவுக்காவது திசை தெரிந்தால்தான் வண்டியைத் தேடச் சொல்லலாம். வீட்டில் வேறு யாருக்காவது சொல்லியிருப்பாரா?"

"இல்லை" என்றாள் நிசாந்தினி. "இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை."

"ஐ ஆஸ்க்ட் ஹிம்."

லக்ஷிகா அறை வாசலில் நின்றாள். சட்டைக்கை இரண்டையும் இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுதது இப்போதல்ல, காலையிலிருந்தே என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"என்ன?" என்றாள் தாய்.

பிள்ளை ஆங்கிலத்தில் கடகடவென்று கொட்டினாள். வெள்ளிக்கிழமை அப்பா பிக்கப்பில் சாமான் ஏற்றும்போது அவள் எழும்பி வெளியே போனாள். நித்திரைக் கலக்கத்தில் வாய் தவறி, எங்கே போகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்பா கோபிக்கவில்லை, சிரித்தார். கேட்க ஒரு ஆளாவது இருக்குதே என்று சொல்லி, போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினார். காலையில் அந்தச் செய்தியை அவள்தான் முதலில் கண்டாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாது, அம்மா. எனக்குத் தெரியும். மாமாவுக்கும் இப்படித்தானே நடந்தது. நான் கேட்டதால்தான் அப்பா..."

லக்ஷிகா சட்டைக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மாமா என்றது நிசாந்தினியின் அண்ணனை. ஊரில் சண்டைக் காலத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டும்போது அம்மா குசினிக்குள் இருந்து "எங்கயடா போறாய்?" என்று கேட்டார். அண்ணன் திரும்பி வரவில்லை. அம்மா சாகும்வரை, நான் கேட்டிருக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித் தலையில் அடித்தார். லக்ஷிகா ஆறு வயதில் வாசலில் வைத்துத் தகப்பனிடம் எங்கே என்று கேட்டபோது நிசாந்தினி கன்னத்தில் ஒன்று போட்டு, இந்தக் கதையையும் சொல்லி வைத்தாள். பிள்ளை அதை மறந்துவிட்டாள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். தமிழில் நாலு வசனம் சேர்த்துப் பேசாத பிள்ளை அந்தப் பயத்தை மட்டும் ஒரு சொல் குறையாமல் வாங்கி வைத்திருந்தது.

நிசாந்தினி மகளை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் இருத்தினாள். "எங்க எண்டு சொன்னவர்? கெதியாச் சொல்லு பிள்ளை. போனுக்குள்ள சொல்லு."

லக்ஷிகா சொன்னாள். தே குயிட்டி என்ற ஊரைக் கடந்து போக வேண்டும். பழைய மரம் அறுக்கும் ஆலைக்குப் போன மண்பாதை முடியும் இடத்தில் ஒரு தொங்குபாலம். பிக்கப்பை அங்கே விட்டுவிட்டு, ஆற்றங்கரையால் இடப்பக்கம் ஏறுவார். இரண்டாவது வளைவில் கூடாரம்.

மறுமுனையில் தட்டச்சு ஓசை கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வசந்தமலர் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார்.

"மேடம்," என்றாள் அந்தப் பெண், "செய்தியில் வந்த விபத்து அந்தக் காட்டில் நடக்கவில்லை. அது வேறு பக்கம், வெகு தூரம்."

ராஜ்னீல் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். நிசாந்தினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள். உயிர் வந்தது போல இருந்தது. அதே மூச்சில் வெட்கமும் வந்தது. ஒக்லாந்தில் வேறொரு வீட்டு வாசலில் இந்நேரம் பொலிஸ் கார் நிற்கும், அங்கே ஒருத்தி கதவைத் திறப்பாள். அவளுக்காகவும் கும்பிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் தன் மனிதன் இன்னும் வந்து சேராதபோது நெஞ்சு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

மழை விடவில்லை. இருட்டுக் கட்டும் நேரத்தில் தே குயிட்டிப் பொலிஸ் போன் எடுத்தது. தொங்குபாலத்தடியில் நீலப் பிக்கப் நிற்கிறது. ஆள் இல்லை. ஆறு பெருகிப் பாய்கிறது. விடிந்ததும் தேடும் ஆட்கள் இறங்குவார்கள்.

அந்த இரவைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வசந்தமலர் அக்கா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தார், வாயாடி என்று அவரைச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஒருவரும் கேட்காமலே ரொட்டி சுட்டு, யாரும் தொடாத ரொட்டியை மூடி வைத்தார்.

காலை ஒன்பது மணிக்கு முன்னரே போன் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். இரண்டாவது வளைவுக்குச் சற்று மேலே, பாறை இடுக்கில், கால் இரண்டு இடத்தில் முறிந்து, குளிரில் உடம்பு விறைத்துக் கிடந்தவரை நாயொன்று மோப்பம் பிடித்துக் கண்டது. ஹெலிகொப்டரில் ஹமில்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். தூக்கிய ஒவ்வொருவரிடமும் "ஸொறி, ஸொறி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கொம்பன் விழுந்ததாம். இறைச்சியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும்போது பாசியில் சறுக்கிவிட்டதாம்.

"அப்ப இறைச்சி?" என்று கேட்டுவிட்டு வசந்தமலர் அக்கா நாக்கைக் கடித்தார்.

"ஆத்தோட போச்சாம்" என்றாள் நிசாந்தினி. சொல்லும்போது சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் போகவே அக்கா பயந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த வருஷத்து வேட்டை இவ்வளவுதான்.

ராஜ்னீல் லீவு போட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தான். தாயும் மகளும் பின்னால் ஏறினார்கள். மோட்டர்வேயில் லொறிகள் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. ராஜ்னீல் கண்ணாடிக்குள்ளால் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினான்.

"தேடிப் போனவர்கள் பொலிஸ் இல்லை பாபி, தெரியுமா? எல்லாம் அந்த ஊர்ச் சனம். ஒருவர் மாட்டுப் பண்ணைக்காரர், பால் கறந்து முடித்துவிட்டு வந்தாராம். ஒருவர் பிளம்பர். ஒரு டீச்சர் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாளாம். ஒருத்தருக்கும் சம்பளம் இல்லை."

"அவைக்கு இவரைத் தெரியுமோ?"

"எப்படித் தெரியும்? பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராது."

நிசாந்தினி வெளியே பார்த்தாள். முன்பின் தெரியாத மனிதர்கள் மழையில் நனைந்து, பெருகிய ஆற்றோரமாகத் தன் புருஷனின் பெயரைப் பிழையாகக் கூப்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். அதை நினைக்க அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நிசாந்தினி மகளின் கையைப் பிடித்தாள்.

"நீ கேட்டபடியால்தான் அப்பா கிடைச்சவர். விளங்குதோ?"

பிள்ளை தலையாட்டினாள். ஆனால் முகம் தெளியவில்லை. பொம்பே மேடு என்ற ஏற்றம் கடந்து வெகுநேரத்துக்குப் பிறகு, சன்னமான குரலில், ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அப்படியென்றால் மாமா? அம்மம்மாவும் கேட்டார்தானே. மாமா பதில் சொல்லவில்லையா?"

"சொன்னவர். கொடிகாமத்துக்கு எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"போன இடம் தெரியும். பிறகு ஏன் கிடைக்கவில்லை?"

இவ்வளவு காலத்தில் ஒருவரும் நிசாந்தினியிடம் இதைக் கேட்டதில்லை. நான் கேட்டதால்தான் என்று அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது, அந்தப் பதிலையே எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

"ஒருத்தரும் தேடிப் போகேல்லை, பிள்ளை" என்றாள். "அம்மம்மா தேடிப் போக வெளிக்கிட்டவ. சந்தியில வைச்சு ஆமிக்காரர் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். அடுத்த நாளும் போனவ. அப்பவும் விடேல்லை. அதுதான் நடந்தது. அம்மம்மா கேட்டதால இல்லை."

ராஜ்னீலுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருந்தாலும் பேச்சை நிறுத்திவிட்டு வீதியைப் பார்த்து ஓட்டினான். இதை அம்மா உயிரோடு இருக்கும்போது ஒரு நாளாவது அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே என்று நிசாந்தினிக்குத் தோன்றியது. ஞாயிறு முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. லக்ஷிகா சீட் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தாயின் பக்கம் நெருங்கி இருந்தாள்.